அம்மா தினமும் ஆறு மீன் எண்ணெய் மாத்திரை போடுகிறார், பரவாயில்லையா?

மலேசியாவின் சுங்கை சிப்புட் பக்கத்துத் தோட்டம் ஒன்றிலிருந்து வந்த கேள்வி இது. அம்மாவுக்கு 61 வயது. பத்து வருடமாக இனிப்பு நீர் (நீரிழிவு), ரத்தக் கொதிப்பு. அரசாங்கக் கிளினிக்கில் மெட்ஃபோர்மின், அம்லோடிபின், கொழுப்புக்கு அட்டோர்வாஸ்டட்டின், கூடவே சின்ன ஆஸ்பிரின் தருகிறார்கள். போன மாதம் தோட்டத்து மண்டபத்தில் நடந்த நேரடி விற்பனைக் கூட்டத்தில் மீன் எண்ணெய் டப்பா வாங்கியிருக்கிறார். காலை, மதியம், இரவு இரண்டிரண்டாக நாளுக்கு ஆறு போடுகிறார். "இது ரத்தக் குழாயைச் சுத்தம் பண்ணிவிடும், கொழுப்பு மாத்திரை இனி வேண்டாம்" என்று விற்றவர் சொன்னதால் அட்டோர்வாஸ்டட்டினை நிறுத்தி நான்கு வாரம் ஆகிறது. டப்பாவின் முன்பக்கம் 1000 மில்லிகிராம் என்று இருக்கிறது. பின்பக்கம் ஒரு மாத்திரைக்கு ஈபிஏ 330, டிஹெச்ஏ 220 மில்லிகிராம் (மீன் எண்ணெயில் இருக்கும் ஒமேகா-3 வகைக் கொழுப்புகள் இவை இரண்டும்). மாத்திரைகள் ஒன்றோடொன்று ஒட்டிக்கொள்கின்றனவாம். ஆபத்து உண்டா?

மீன் எண்ணெய் விஷமில்லை. நாளுக்கு ஒன்றிரண்டு போடுகிறவர்களில் பெரும்பாலோருக்கு ஏப்பத்தில் மீன் வாடை வருவதைத் தவிர ஒன்றும் ஆகாது. உங்கள் அம்மா விஷயம் வேறு. கொழுப்பு மாத்திரையை நிறுத்திவிட்டார், எண்ணெயை அதிக அளவில் எடுக்கிறார், இரண்டையும் கிளினிக்கில் சொல்லவில்லை. மூன்றில் பெரிய ஆபத்து எண்ணெயில் இல்லை, நிறுத்திய மாத்திரையில் இருக்கிறது. அதனால் அதை முதலில் பார்ப்போம்.

நம் பேச்சில் "கொழுப்பு" என்று ஒரே சொல்லில் முடித்துவிடுகிறோம். ரத்தப் பரிசோதனைத் தாளில் அது பல வரிகளாகப் பிரிந்திருக்கும். எல்டிஎல் என்பது குழாய்ச் சுவரில் படிந்து மாரடைப்புக்கு வழி வைப்பது. ட்ரைகிளிசரைட் என்பது ரத்தத்தில் மிதக்கும் வேறு வகைக் கொழுப்பு. சோறு, இனிப்பு, மது, கட்டுப்படாத சர்க்கரை எல்லாம் இதை ஏற்றும். அட்டோர்வாஸ்டட்டின் முக்கியமாக எல்டிஎல்லை இறக்குகிறது. மீன் எண்ணெய் இறக்குவது ட்ரைகிளிசரைடை மட்டும்தான். அதுவும் நாளுக்கு 4 கிராம் அளவுக்கு ஈபிஏ, டிஹெச்ஏ உள்ளே போனால் சுமார் 20 முதல் 30 விழுக்காடு இறங்கும். எல்டிஎல்லை அது குறைப்பதில்லை. ட்ரைகிளிசரைட் மிக அதிகமாக உள்ள சிலருக்கு, டிஹெச்ஏ கலந்த எண்ணெயால் எல்டிஎல் கொஞ்சம் ஏறுவதும் உண்டு. ஆக, ஒன்றை நிறுத்திவிட்டு அதன் இடத்தில் மற்றதைப் போடுவது, கூரை ஒழுகுகிறது என்று கதவுக்குத் தாழ்ப்பாள் மாற்றுவது போன்றது.

மீன் எண்ணெய் விற்பவர்கள் பெரும்பாலும் காட்டும் ஆய்வு 2018இல் வெளிவந்த ரெட்யூஸ்-இட். 8,179 பேர், சுத்திகரித்த ஈபிஏ மருந்து நாளுக்கு 4 கிராம், ஏறக்குறைய ஐந்து ஆண்டு. மாரடைப்பு, பக்கவாதம் போன்றவை மருந்து எடுத்தவர்களில் 17.2 விழுக்காட்டினருக்கும், மற்றவர்களில் 22 விழுக்காட்டினருக்கும் வந்தன. நல்ல பலன்தான். ஆனால் அதில் சேர்ந்தவர்கள் எல்லாரும் ஏற்கெனவே ஸ்டட்டின் வகை மாத்திரை (அட்டோர்வாஸ்டட்டினும் இதில் ஒன்று) எடுத்துக்கொண்டிருந்தவர்கள், ட்ரைகிளிசரைட் உயர்ந்திருந்தவர்கள். ஸ்டட்டினோடு சேர்த்துத்தான் அது கொடுக்கப்பட்டது. ஒப்பீட்டுக்குக் கொடுத்த கனிம எண்ணெயே எதிரணிக்குக் கொஞ்சம் கெடுதல் செய்திருக்கலாம் என்ற சர்ச்சையும் இன்னும் ஓயவில்லை. 2020இல் வந்த ஸ்ட்ரெங்த் ஆய்வில் 13,078 பேர். ஈபிஏவும் டிஹெச்ஏவும் கலந்து அதே 4 கிராம். ஒப்பீட்டுக்குச் சோள எண்ணெய். பலன் ஒன்றும் தெரியவில்லை என்று பாதியிலேயே நிறுத்தினார்கள்.

அம்மாவுக்கு நேராகப் பொருந்தும் ஆய்வு அசெண்ட். இனிப்பு நீர் உள்ள, அதுவரை இதய நோய் வராத 15,480 பேருக்கு நாளுக்கு ஒரு கிராம் மாத்திரை கொடுத்துச் சராசரியாக ஏழு ஆண்டுக்கு மேல் பார்த்தார்கள். மாரடைப்பு, பக்கவாதம் போன்றவை எண்ணெய் போட்டவர்களில் 8.9 விழுக்காட்டினருக்கு வந்தன. வெறும் ஆலிவ் எண்ணெய் மாத்திரை போட்டவர்களில் 9.2. இரண்டும் ஒன்றுதான் என்று எடுத்துக்கொள்ளலாம். இந்த ஒரு வரியை அம்மாவுக்குப் படித்துக் காட்டுங்கள்.

அட்டோர்வாஸ்டட்டினை இன்றே மறுபடி தொடங்கலாம், பழைய அளவிலேயே. விட்டுப்போன நாளுக்கு ஈடாக இரட்டிப்பாகப் போடக்கூடாது. பகலோ இரவோ எந்த நேரமும் சரி. தினமும் ஒரே நேரம் என்றால் மறக்காது. ஒரு விஷயத்தை மட்டும் அம்மாவிடம் மெதுவாகக் கேளுங்கள்: விற்றவர் சொன்னதால் மட்டும்தான் நிறுத்தினாரா, அல்லது தொடை, தோள் வலி இருந்து, இதுதான் சாக்கு என்று நிறுத்தினாரா? வலி இருந்திருந்தால் மறுபடி தொடங்குமுன் கிளினிக்கில் சொல்லுங்கள். அளவைக் குறைக்கலாம், வேறு ஸ்டட்டினுக்கு மாற்றலாம். சும்மா விட்டுவிடக்கூடாது.

அந்தக் கூட்டத்தில் வெள்ளை போலிஸ்டைரீன் கப்பில் எண்ணெயை ஊற்றி, கப் கரைந்து ஓட்டை விழுவதைக் காட்டினார்களா? பல இடத்தில் காட்டுகிற வித்தை இது. "இப்படித்தான் குழாயில் இருக்கும் கொழுப்பைக் கரைக்கும்" என்பார்கள். மீன் எண்ணெயைச் செறிவாக்கும்போது அதை எத்தில் எஸ்டர் என்ற வடிவத்துக்கு மாற்றுவார்கள்; எத்தில் எஸ்டருக்குப் போலிஸ்டைரீனைக் கரைக்கும் குணம் உண்டு. பெட்ரோலை ஊற்றினாலும் அதே கப் கரையும். அதற்காக யாரும் பெட்ரோல் குடிப்பதில்லை. வேடிக்கை என்னவென்றால், இயற்கை ட்ரைகிளிசரைட் வடிவ எண்ணெய் விற்கும் போட்டிக்காரர்கள் அதே வித்தையைத் திருப்பிப்போட்டு, "பாருங்கள், அவர்கள் எண்ணெய் கப்பையே தின்கிறது, உங்கள் குடலை என்ன செய்யும்?" என்று பயமுறுத்துகிறார்கள். இரண்டு பேச்சும் பொய். எண்ணெய் எந்த வடிவில் போனாலும் குடலில் நொதிகள் அதை உடைத்துப் பிறகுதான் ரத்தத்துக்கு அனுப்புகின்றன. உருப்படியான வேறுபாடு ஒன்றுதான்: எத்தில் எஸ்டர் வடிவம் வெறும் வயிற்றில் சரியாக உறிஞ்சப்படாது, கொழுப்புள்ள சாப்பாட்டோடு போட வேண்டும்.

இனி அளவு. முன்பக்கத்து 1000 மில்லிகிராம் என்பது மாத்திரைக்குள் இருக்கும் எண்ணெயின் மொத்த எடை. கணக்கில் வருவது பின்பக்கத்து ஈபிஏ, டிஹெச்ஏ எண்கள் மட்டும். சாதாரணக் கடை மாத்திரையில் 180, 120, ஆக 300 மில்லிகிராம். உங்கள் டப்பாவில் 330, 220, ஆக 550. அதை ஆறால் பெருக்கினால் 3,300 மில்லிகிராம், அதாவது 3.3 கிராம். சத்துக்காகச் சாப்பிடும் அளவு இதில்லை. மருத்துவர் எழுதித் தரும் மருந்தளவுக்குப் பக்கத்தில் வந்துவிட்டது. அந்த அளவைத் தொட வேண்டியவர்கள் ட்ரைகிளிசரைட் எகிறி நிற்பவர்கள், அதுவும் ரத்தப் பரிசோதனையும் கண்காணிப்பும் வைத்துக்கொண்டு. அம்மாவின் தாளில் ட்ரைகிளிசரைட் என்ன என்று பாருங்கள். லிட்டருக்கு 1.7 மில்லிமோலுக்குக் கீழே என்றால் இறக்குவதற்கு அங்கே ஒன்றும் இல்லை. 5.6க்கு மேல் என்றால் கணையம் வீங்கும் அபாயம் தலைகாட்டும். அதை மாத்திரை டப்பாவால் அல்ல, டாக்டரைப் பார்த்துத்தான் கவனிக்க வேண்டும்.

"ஐந்து கிராம் வரை பயமில்லை என்று ஐரோப்பாவிலேயே சொல்லியிருக்கிறார்களே" என்று விற்பவர் எதிர்க்கேள்வி கேட்கலாம். ஐரோப்பிய உணவுப் பாதுகாப்பு ஆணையம் 2012இல் அப்படிச் சொன்னது உண்மை. இதயத் துடிப்பு பற்றிய பெரிய ஆய்வுகள் எல்லாம் அதற்குப் பிறகு வந்தவை.

அந்த ஆய்வுகளில் திரும்பத் திரும்பத் தலைகாட்டியது ஏட்ரியல் ஃபிப்ரிலேஷன். இதயத்தின் மேலறைகள் ஒழுங்காகச் சுருங்காமல் நடுங்கிக்கொண்டே இருப்பது அது. நடுக்கத்தால் ரத்தம் அங்கே தேங்கிக் கட்டியாகும். அந்தக் கட்டி மூளைக்குப் போனால் பக்கவாதம். ரெட்யூஸ்-இட்டில் இதற்காக மருத்துவமனையில் சேர்ந்தவர்கள் எண்ணெய் எடுத்தவர்களில் 3.1 விழுக்காடு, மற்றவர்களில் 2.1. ஸ்ட்ரெங்த்தில் புதிதாக இது வந்தவர்கள் 2.2, மற்றவர்களில் 1.3. 2021இல் 81,000க்கு மேற்பட்டவர்கள் பங்கெடுத்த ஏழு ஆய்வுகளைச் சேர்த்துப் பார்த்தபோது, நாளுக்கு ஒரு கிராமுக்கு மேல் எடுத்தவர்களுக்கு இந்த அபாயம் 49 விழுக்காடு கூடியிருந்தது. ஒரு கிராமும் அதற்குக் குறைவும் எடுத்தவர்களுக்கு 12 விழுக்காடு. 2023இல் ஐரோப்பிய மருந்து முகமை ஒமேகா-3 மருந்துகளின் தகவல் தாளில் இதைச் சாதாரணமாக வரக்கூடிய பக்கவிளைவாகச் சேர்க்கச் சொன்னது. விழுக்காட்டைக் கேட்டு மிரள வேண்டாம்: நூறு பேர் ஐந்து வருடம் பெரிய அளவில் எடுத்தால் கூடுதலாக ஒருவர் மாட்டுகிறார் என்பதுதான் கணக்கு. ஆனால் 61 வயது, இனிப்பு நீர், ரத்தக் கொதிப்பு மூன்றும் ஏற்கெனவே அந்த ஒருவராக ஆகும் வாய்ப்பைக் கூட்டி வைத்திருக்கின்றன. பலன் இல்லாத ஒன்றுக்காக அதை இன்னும் கூட்டுவானேன்?

வீட்டிலேயே பார்க்கும் வழி ஒன்று இருக்கிறது. அம்மாவை ஐந்து நிமிடம் சும்மா உட்காரச் சொல்லுங்கள். உள்ளங்கையை மேலே திருப்பி, கட்டைவிரலுக்கு நேர் கீழே மணிக்கட்டின் ஓரத்தில் உங்கள் ஆள்காட்டி விரலையும் நடுவிரலையும் லேசாக வையுங்கள். உங்கள் கட்டைவிரலை வைக்காதீர்கள், அதிலேயே துடிப்பு இருப்பதால் குழப்பும். அழுத்தினால் நாடி மறைந்துவிடும். சுவர்க் கடிகாரத்தைப் பார்த்து முழுசாக 60 வினாடி எண்ணுங்கள்; 15 வினாடி எண்ணி நான்கால் பெருக்கும் குறுக்குவழி இங்கே உதவாது, ஏனென்றால் நாம் தேடுவது எண்ணிக்கையை விடத் தாளத்தை. இடையில் ஒரு துடிப்பு எப்போதாவது தவறினால் பெரும்பாலும் ஒன்றுமில்லை. தாளம் தெரியாதவன் உறுமி அடிப்பது போல, ஒன்று சீக்கிரம், ஒன்று தாமதம், ஒன்று பலமாக, ஒன்று மெலிதாக என்று முழு நிமிடமும் ஓடினால் எண்ணெயை நிறுத்திவிட்டு அன்றே கிளினிக்குக்குப் போய் இசிஜி எடுங்கள். வீட்டில் பிரஷர் மிஷின் இருந்தால், பல மாடல்களில் துடிப்பு ஒழுங்கில்லை என்றால் திரையில் இதயப் படம் மினுக்கும். அந்தக் குறியையும் அலட்சியப்படுத்தாதீர்கள். படபடப்போடு மூச்சுத் திணறல், மயக்கம், நெஞ்சு வலி இருந்தாலோ, வாய் கோணி, கை தளர்ந்து, பேச்சு குழறினாலோ உடனே 999ஐக் கூப்பிடுங்கள். அது காத்திருக்கிற விஷயமில்லை.

ஏற்கெனவே ஏட்ரியல் ஃபிப்ரிலேஷன் உள்ளவர்கள் மீன் எண்ணெய் மாத்திரையைத் தாங்களாகத் தொடக்கூடாது என்பது என் கருத்து.

ரத்தக் கசிவு பயம்தான் எல்லாரும் முதலில் கேட்பது. உண்மையில் அது பேசப்படும் அளவுக்குப் பெரிதில்லை. மீன் எண்ணெய் ரத்தத் தட்டணுக்களின் ஒட்டும் தன்மையைக் கொஞ்சம் குறைக்கிறது. ரெட்யூஸ்-இட்டில், அந்த 4 கிராம் அளவில், பெரிய ரத்தக் கசிவு 2.7 விழுக்காடு, மற்றவர்களில் 2.1. நாளுக்கு ஒரு கிராம் அளவில் குறிப்பிடும்படியான வேறுபாடு தெரியவில்லை. ஆஸ்பிரினோடு ஒரு மாத்திரை என்றால் கவலைப்பட மாட்டேன், ஆஸ்பிரினோடு 3.3 கிராம் என்றால் கண் வைத்திருக்க வேண்டும். வார்ஃபரின் எடுப்பவர்களுக்கு நிலைமை வேறு. ரத்தம் உறையாமல் தடுக்க, ஐஎன்ஆர் (ரத்தம் உறைய எவ்வளவு நேரமாகிறது என்று காட்டும் பரிசோதனை) பார்த்து அளவை ஏற்றி இறக்கிக்கொண்டிருக்கும் மருந்து அது. புதிதாக எதைத் தொடங்கினாலும் நிறுத்தினாலும் வார்ஃபரின் கிளினிக்கில் சொல்லியாக வேண்டும். தட்டணுக்கள் ஒட்டாமல் தடுக்கும் குளோபிடோகிரெல் எடுப்பவர்களும், ரத்தம் உறையாமல் தடுக்கும் புதிய மாத்திரைகள் எடுப்பவர்களும் அப்படியே. நடைமுறையில் சிக்கல் வருவது பெரும்பாலும் கூட்டுச் சேர்க்கையால்: ஆஸ்பிரின் ஒரு பக்கம், முழங்கால் வலிக்குச் சீனக்கடையில் வாங்கிய வலி மாத்திரை, பூண்டு மாத்திரை, ஜின்கோ என்ற மூலிகை மாத்திரை, மேலே மீன் எண்ணெய். ஒவ்வொன்றும் சின்னது என்று தோன்றும். தார் போலக் கறுத்த மலம், காரணமில்லாமல் நீலத் தழும்புகள், மூக்கை இறுக்கிப் பிடித்தும் கால் மணி நேரத்துக்கு மேல் நிற்காத ரத்தம் என்று ஏதாவது தெரிந்தால் எண்ணெயை நிறுத்திவிட்டு மருத்துவரைப் பாருங்கள். பல் பிடுங்கப் போனாலும் அறுவைக்குப் போனாலும் மீன் எண்ணெய் எடுப்பதை முன்கூட்டியே சொல்லிவிடுங்கள். நிறுத்துவதா வேண்டாமா என்பதை அவர்கள் முடிவு செய்யட்டும்.

சர்க்கரையை ஏற்றுமா? ஏற்றாது, இறக்கவும் இறக்காது. 83 ஆய்வுகளைச் சேர்த்துப் பார்த்த 2019ஆம் ஆண்டு அலசல் அதைத்தான் சொன்னது. ரத்தக் கொதிப்பை இரண்டு மூன்று கிராம் அளவில் கொஞ்சம் இறக்கும், ஆனால் அம்லோடிபினுக்கு ஈடில்லை. புற்றுநோய் வருமா என்று பயப்படுகிறவர்களுக்கு: 25,871 பேரை ஐந்து ஆண்டுக்கு மேல் கவனித்த வைட்டல் ஆய்வில் நாளுக்கு ஒரு கிராம் எடுத்தவர்களுக்குப் புற்றுநோய் கூடவும் இல்லை, குறையவும் இல்லை.

பெயர்க் குழப்பம் ஒன்று நம் ஊரில் அடிக்கடி நடக்கிறது. டப்பாவில் மலாயில் "மின்யாக் ஈக்கான்" என்று இருந்தால் மீன் எண்ணெய். "மின்யாக் ஹாத்தி ஈக்கான் கோட்" என்று இருந்தால் அது காட் மீனின் கல்லீரல் எண்ணெய், முற்றிலும் வேறு சரக்கு. ஈரலில் வைட்டமின் ஏ, வைட்டமின் டி இரண்டும் சேர்ந்து கிடக்கும். உடம்பு அவற்றை வெளியே தள்ளாமல் சேமித்து வைக்கும். வைட்டமின் ஏ பெரியவர்களுக்கு நாளுக்கு 3,000 மைக்ரோகிராம், அதாவது 10,000 ஐயூ, அதற்கு மேல் போகக்கூடாது. ஒமேகா-3 நிறைய வேண்டும் என்று கல்லீரல் எண்ணெயை மூன்று நான்கு கரண்டி ஊற்றினால் அந்த எல்லை சீக்கிரம் வந்துவிடும். கூடவே மல்டிவைட்டமின் போடுகிறவர்களுக்கு இன்னும் சீக்கிரம். கர்ப்பிணிகள் கல்லீரல் எண்ணெயைத் தொடவே வேண்டாம், அதிக வைட்டமின் ஏ கருவில் குறைபாடு உண்டாக்கும். சாதாரண மீன் எண்ணெய் அவர்களுக்கு அப்படியில்லை. கர்ப்பத்தில் ஒமேகா-3 எடுத்தவர்களிடம் 37 வாரத்துக்கு முன் பிரசவம் ஆவது 13.4 விழுக்காட்டிலிருந்து 11.9ஆகக் குறைந்ததை பல ஆய்வுகளைச் சேர்த்துப் பார்த்த 2018ஆம் ஆண்டு காக்ரேன் தொகுப்பு காட்டியது. அளவை மட்டும் கிளினிக் தாதியிடம் கேட்டுக்கொள்ள வேண்டும். பிள்ளைகளுக்குக் கொடுக்கும் ஆரஞ்சு வாசனைப் பால்மருந்து வகையில் பலவும் கல்லீரல் எண்ணெய்தான், ஆகவே புட்டியில் போட்ட அளவுக்கு மேல் "நல்லதுதானே" என்று ஊற்றாதீர்கள். அறுவைக்குப் பிறகு குடிக்கக் கொடுக்கும் ஹாருவான் சாறு, அதாவது விரால், இந்தக் கணக்கிலேயே வராது. சுறா ஈரலிலிருந்து எடுக்கும் ஸ்குவாலீன் எண்ணெயும் ஒமேகா-3 இல்லை.

ஒட்டிக்கொள்ளும் மாத்திரைக்கு வருகிறேன். ஈபிஏ, டிஹெச்ஏ இரண்டும் காற்று, வெளிச்சம், சூடு மூன்றாலும் சீக்கிரம் கெடும். தகரக் கூரை லயத்து வீட்டில் பிற்பகல் அடுப்பங்கரை எவ்வளவு கொதிக்கும் என்று உங்களுக்கே தெரியும். வெப்பத்தில் ஜெலட்டின் ஓடு இளகி ஒட்டுகிறது. ஒட்டியதெல்லாம் கெட்டது என்று அர்த்தமில்லை, ஆனால் அந்த டப்பா சூட்டில் இருந்தது என்பதற்குச் சாட்சி. மோட்டார் சைக்கிள் கூடையிலும் கார் பூட்டிலும் பாதி நாள் சுற்றி வரும் சரக்குக்கும் இதே கதிதான். ஒரு மாத்திரையைக் கத்தரியால் வெட்டி, எண்ணெயைக் கரண்டியில் பிழிந்து முகருங்கள், நாக்கு நுனியில் தொட்டுப் பாருங்கள். நல்ல எண்ணெயில் லேசான கடல் வாடை, மீன் வாடை இருக்கும். நாலு நாள் பழைய பொரித்த எண்ணெய் போல, பெயிண்ட் போல நெடி அடித்து, தொண்டையில் காறினால் காறிப்போன எண்ணெய், வீசிவிடுங்கள். எலுமிச்சை வாசனை சேர்த்த சரக்கில் இந்த நெடி மறைந்துவிடும், அதனால்தான் முகர்வதோடு நிறுத்தாமல் சுவைக்கச் சொன்னேன். தொழில்துறையில் எண்ணெய் எவ்வளவு காறியிருக்கிறது என்று காட்டும் பெராக்சைடு அளவு 5, மொத்த ஆக்சிஜனேற்ற அளவு 26, இவற்றைத் தாண்டக்கூடாது என்ற தர எல்லை உண்டு. தயாரிப்பாளரிடம் பகுப்பாய்வுச் சான்று கேட்டால் இந்த எண்களைத்தான் பார்க்க வேண்டும். பாதரச பயம் இங்கே தேவையில்லை, பாதரசம் மீனின் சதையில் ஒட்டுமே தவிர எண்ணெயில் மிகக் குறைவு. கொழுப்பில் கரையும் பிசிபி, டயாக்சின் போன்ற நச்சுகள்தான் எண்ணெயில் தங்கும், அவற்றை நீக்கத்தான் எண்ணெயை வடிகட்டிக் காய்ச்சுகிறார்கள். 300 மாத்திரை டப்பா மலிவாகத் தோன்றும், ஆனால் நாளுக்கு ஒன்று போட்டால் பத்து மாதம் திறந்து மூடி, திறந்து மூடி காற்று வாங்கும். சின்ன டப்பா வாங்கி, மூடியை இறுக்கி, குளிர்ப்பெட்டிக் கதவில் வையுங்கள். ஏப்ப வாடை தாங்கவில்லை என்றால் உறைபெட்டியில் வைத்து அப்படியே விழுங்கினால் குறையும். மதியச் சாப்பாட்டின் நடுவில் போட்டாலும் குறையும். படுக்கப் போகும்போது போடுவதுதான் மோசம்.

வாங்குமுன் டப்பாவில் எம்ஏஎல் (MAL) என்று தொடங்கும் மருந்துப் பதிவு எண்ணைத் தேடுங்கள்: அந்த மூன்று எழுத்துக்குப் பின் எட்டு இலக்கம், சத்து மாத்திரை என்றால் அதன் பின் "என்" (N) என்ற எழுத்து. சுகாதார அமைச்சின் மருந்து ஒழுங்குமுறைப் பிரிவின் இணையத்தளத்தில் அந்த எண்ணைப் போட்டால் பெயரும் உரிமையாளரும் வர வேண்டும். டப்பாவில் இருப்பதோடு ஒத்துப்போகிறதா என்று பாருங்கள். பாசார் மாலத்தில் (இரவுச் சந்தையில்) எண்ணே இல்லாமல் விற்பதை வாங்காதீர்கள். எண் இருந்தால் பதிவானது என்று பொருள், நோயைக் குணப்படுத்தும் என்று பொருளில்லை. 1956ஆம் ஆண்டு மருந்து விளம்பரம், விற்பனைச் சட்டம் இதய நோய், இனிப்பு நீர், ரத்தக் கொதிப்பு, புற்றுநோய் உட்பட 20 நோய்களின் பெயரைச் சொல்லி, குணமாகும் என்று விளம்பரம் செய்வதையே தடுக்கிறது. மண்டபத்தில் மைக் பிடித்தவர் சொன்னதை இதோடு வைத்துப் பாருங்கள்.

பலர் கவனிக்காத ஒன்று ஓட்டின் ஜெலட்டின். மாட்டிறைச்சி சாப்பிடாத வீடு என்றால் ஹலால் முத்திரை மட்டும் பார்த்து வாங்க முடியாது. ஹலால் ஜெலட்டின் பெரும்பாலும் மாட்டிலிருந்து வருவது. டப்பாவில் "போவைன்" என்றால் மாடு, "போர்சைன்" என்றால் பன்றி. மீன் ஜெலட்டின் ஓடு கிடைக்கிறது. சைவக்காரர்களுக்குப் பாசியிலிருந்து எடுத்த டிஹெச்ஏ எண்ணெய் தாவர ஓட்டில் வருகிறது. மீன் ஒவ்வாமை உள்ளவர்களுக்கும் இதுவே நல்லது. க்ரில் எண்ணெய் இறால் இனத்தைச் சேர்ந்தது. இறால் சாப்பிட்டால் உதடு வீங்குகிறவர்கள் அதைத் தொடக்கூடாது.

காசுக் கணக்கையும் போட்டுப் பார்த்துவிடுங்கள். உதாரணத்துக்கு, 60 மாத்திரை 180 வெள்ளி (ரிங்கிட்), ஒவ்வொன்றிலும் 550 மில்லிகிராம் என்றால் மொத்தம் 33 கிராம். கிராமுக்கு ஏறக்குறைய ஐந்தரை வெள்ளி. பார்மசியில் 100 மாத்திரை 60 வெள்ளி, ஒவ்வொன்றிலும் 300 என்றால் 30 கிராம். கிராமுக்கு இரண்டு வெள்ளி. நாளுக்கு ஆறு போட்டால் அந்த 180 வெள்ளி பத்தே நாளில் தீர்ந்துவிடும். அதே பணத்தில் கெம்போங் மீன் (கானாங்கெளுத்தி) எத்தனை கிலோ வரும் என்று சந்தைக்குப் போகிற அம்மாவுக்கே தெரியும். கெம்போங், மத்தி, டின் சார்டின் எல்லாம் கொழுப்பு மீன்கள், சின்ன மீன்கள் என்பதால் பாதரசமும் குறைவு. வாரத்துக்கு இரண்டு முறை, ஒவ்வொரு முறையும் சமைத்த மீன் 85 கிராம் அளவு என்பது அமெரிக்க இதயச் சங்கத்தின் குறைந்தபட்சக் கணக்கு. நம் வீடுகளில் அதைத் தாண்டுவது கஷ்டமே இல்லை. குழம்பு வைத்தாலும், மஞ்சள் தடவி வாட்டினாலும், ஆவியில் வைத்தாலும் சத்து நிற்கும். மொறுமொறுவென்று பொரித்தால் மீனின் கொழுப்பு சட்டிக்கும், சட்டியின் பாமாயில் மீனுக்கும் போய்விடும். டின் சார்டின் குழம்பில் உப்பு அதிகம், மேலே உப்புப் போடாதீர்கள். கருவாடும் மீன்தானே என்று கேட்காதீர்கள், ரத்தக் கொதிப்புக்காரருக்கு அது உப்புக் கட்டி.

அடுத்த கிளினிக் நாளுக்குக் காத்திருக்காமல் இந்த வாரமே அம்மாவை ஒருமுறை கூட்டிப்போங்கள். வீட்டில் இருக்கும் எல்லா டப்பாவையும், வலி மாத்திரை, பூண்டு மாத்திரை, தைலம் உட்பட, ஒரே பையில் போட்டுப் பார்மசி கவுண்டரில் வையுங்கள். பெயர் சொன்னால் பாதி விடுபட்டுவிடும். கொழுப்பு மாத்திரையை நான்கு வாரம் விட்டதைத் தயங்காமல் சொல்லுங்கள். சொல்லாவிட்டால், அடுத்த ரத்தப் பரிசோதனையில் எல்டிஎல் ஏறியிருப்பதைப் பார்த்து, மாத்திரை வேலை செய்யவில்லை என்று நினைத்து அளவை ஏற்றிவிடுவார்கள். வாங்கிய டப்பா வீணாகிறதே என்று அம்மா வருத்தப்பட்டால், நாடி ஒழுங்காக இருந்து, எண்ணெய் காறாமலும் இருந்தால், மீதியை நாளுக்கு ஒன்றாக மதியச் சோற்றோடு போட்டு முடிக்கலாம். அது 550 மில்லிகிராம்தான். படிப்படியாகக் குறைக்கத் தேவையில்லை, ஆறிலிருந்து நேரே ஒன்றுக்கு வரலாம். முழுக்கவும் நிறுத்திவிடலாம்.